பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் ஏன் வர மறுக்கிறது?

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று நிற்கிறது. தோட்டத்தை விட்டு வெளியே வராத வண்டி. ரப்பர் ஷீட் கட்டுகளோடு மேடு ஏறத் திணறுகிறது என்று, தோட்டக்காரர் எங்கிருந்தோ இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ஒரு பழைய சூப்பர்சார்ஜரைக் கொண்டுவந்து, பெல்ட் போட்டு, அது தள்ளும் காற்று, பெட்ரோலைக் காற்றில் கலக்கும் கார்புரேட்டர் வழியாகப் போகும்படி மாட்டிவிட்டார். அப்படித் தள்ளும்போது ஏறும் கூடுதல் காற்றழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்பார்கள். சமதளத்தில் நன்றாக ஓடியது. மேட்டில்தான் சிக்கல். ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் ஆறேழு விநாடி அருமையாக இழுக்கும். அப்புறம் கார்புரேட்டருக்குள் டப் டப்பென்று வெடித்து, சக்தி மொத்தமும் போய்விடும். காலை எடுத்து, கொஞ்சம் பொறுத்து மிதித்தால் மறுபடியும் அதே ஆறேழு விநாடி.

மார்த்தாண்டத்திலிருந்து வந்த மெக்கானிக் இரண்டு தடவை, பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டை மாற்றிப் பார்த்துவிட்டார். "பெட்ரோல் பிரஷர் அஞ்சு பவுண்டு, கரெக்டா காட்டுது சார்" என்றார். கோளாறு அந்த 5 பவுண்டிலேயே இருந்தது.

கார்புரேட்டரின் பக்கத்தில் பெட்ரோல் தேங்கும் சின்னக் கிண்ணம் ஒன்று உண்டு. வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் மிதக்கும் பந்து குழாயை அடைக்கிறதே, அதே வேலையை இங்கே ஒரு மிதவையும் ஊசி வால்வும் செய்கின்றன. மிதவையின் பலம் கொஞ்சம்தான். அதனால்தான் கார்புரேட்டர் வண்டிகளுக்கு 3 முதல் 6 பவுண்டு பெட்ரோல் அழுத்தம் போதும் என்று வைத்தார்கள். ரொம்ப மீறினால் ஊசி அடைக்க முடியாமல் கிண்ணம் வழியும்.

அந்த 5 பவுண்டு எதற்கு மேல் 5 என்று கேட்க வேண்டும். நம்மைச் சுற்றியுள்ள காற்றே சதுர அங்குலத்துக்குச் சுமார் 14.7 பவுண்டு அழுத்துகிறது. மீட்டர் அதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டுதான் எண்ணுகிறது. சாதாரண வண்டியில் கிண்ணத்துக்குள்ளும் அதே வெளிக்காற்றுதான் இருப்பதால் கணக்கு இடிப்பதில்லை.

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடந்திருப்பீர்கள். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தூரம், பம்பே இல்லாமல் தண்ணீர் போகிறது. இந்தக் கரை அந்தக் கரையைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். அந்தக் கரையை இதைவிட உயர்த்திவிட்டால்? தண்ணீர் வந்த வழியே திரும்பும். ஜீப்பில் நடந்தது இதுதான். சூப்பர்சார்ஜர் 6 பவுண்டு காற்றைத் தள்ளும்போது கார்புரேட்டர் முழுவதிலும், கிண்ணத்துக்குள்ளும், 6 பவுண்டு நிற்கிறது. வெளியே 5 பவுண்டோடு காத்திருக்கும் பெட்ரோல் எப்படி உள்ளே போகும்? ஊசி திறந்திருந்தாலும் போகாது.

அப்படியானால் உடனே நிற்காமல் ஆறேழு விநாடி ஏன்? கிண்ணத்தில் ஏற்கெனவே இருந்த பெட்ரோல்தான் காரணம். சூப்பர்சார்ஜர் போட்ட இன்ஜின், குதிரைச்சக்தி ஒன்றுக்கு மணிக்குச் சுமார் 280 கிராம் குடிக்கும். 80 குதிரைச்சக்திக்கு மணிக்கு 22 கிலோ, அதாவது விநாடிக்கு 6 கிராம், ஏறக்குறைய 8 மில்லி. கிண்ணத்தில் இருப்பதோ அரை டீ கிளாஸ். கணக்குப் போட்டால் அந்த ஆறேழு விநாடி தானாக வந்து விழுகிறது. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல.

இது வெறும் இழுவைப் பிரச்சினை என்று விட்டுவிடவும் முடியாது. பூஸ்டில் ஓடும் இன்ஜினுக்கு ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 12 பங்கு காற்று என்ற அளவில் கலவை வேண்டும். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே சூடு ஏறி, கலவை தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங் வந்து, பிஸ்டனே உருகி ஓட்டை விழும். அதனால் வெடிச்சத்தம் கேட்டதுமே காலை எடுத்துவிட வேண்டும்.

தீர்வு, பூஸ்ட் ஏற ஏற பெட்ரோல் அழுத்தத்தையும் அதே அளவு ஏற்றுவது. அதற்கென்றே ஒரு ரெகுலேட்டர் இருக்கிறது. உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம். ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் ஸ்பிரிங். ஸ்பிரிங் பக்கத்தில் உள்ள மூக்குக்குக் கார்புரேட்டர் மூடியிலிருந்து ஒரு சின்ன ஹோஸ் வரும். பூஸ்ட் 6 பவுண்டு ஏறினால் அதுவும் ஸ்பிரிங்கோடு சேர்ந்து டயாஃப்ரத்தை அழுத்தும், பெட்ரோல் 11 ஆகும். கிண்ணத்துக்கு மேல் வித்தியாசம் எப்போதும் 5. மிஞ்சும் பெட்ரோல் ரிட்டர்ன் லைனில் டேங்குக்குத் திரும்பும்.

ஹோஸை மாட்டியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம், முடியவில்லை. பழைய பம்பு 7 பவுண்டுக்கு மேல் தள்ளவே தள்ளாது. பெரிய பம்பு போட்டதும் வேறொரு தொல்லை: சும்மா நிற்கும்போதே 9 பவுண்டு காட்டி, பெட்ரோல் வழிந்தது. ரிட்டர்ன் குழாய் ஒல்லி, திரும்ப வேண்டிய பெட்ரோல் அதில் நெருக்கியடித்து நின்றது. குழாயைத் தடிமனாக்கியதும் 5-க்கு இறங்கியது.

ரெகுலேட்டரைச் சோதிக்க மெக்கானிக் செய்த உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. பூஸ்ட் ஹோஸைக் கழற்றி, அந்த மூக்கில் ஒரு டி (T) வடிவ இணைப்பு போட்டு, ஒரு பக்கம் சைக்கிள் பம்பு, மறுபக்கம் சின்ன மீட்டர். பெட்ரோல் பம்பை மட்டும் ஓடவிட்டு, சைக்கிள் பம்பை மெதுவாக ஒரு அடி அடித்தார். காற்று 3 பவுண்டு காட்ட, பெட்ரோல் முள் 5-லிருந்து 8-க்கு நகர்ந்தது. "பாத்தீங்களா சார், அதுவும் கூடவே ஏறுது" என்றார். முள் நகராவிட்டால் டயாஃப்ரம் கிழிசல் அல்லது இணைப்பில் கசிவு.

அடுத்து மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மீட்டரைக் கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டுங்கள். பெட்ரோல் ஹோஸை எக்காரணம் கொண்டும் வண்டிக்குள் கொண்டுவராதீர்கள். முதலில் 11 காட்டிவிட்டு மெல்ல மெல்ல இறங்கினால் ஃபில்டர் அடைப்பு, டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைப்பு, இல்லையென்றால் பம்புக்குக் கரண்ட் போதவில்லை. எங்களுக்குக் கடைசி ஆள்தான் அகப்பட்டான். பம்பு ஓடும்போது அதன் முனையில் 10.5 வோல்ட்தான் இருந்தது. எர்த் வயர் முனையில் பச்சை பூத்திருந்தது. குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் இது சகஜம், இரண்டு பருவமழையும் நனைக்கும் தோட்டத்திலும் அப்படித்தான். முனையைச் சுரண்டி, பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்து ரிலே போட்டதும் 13 வோல்ட்டைத் தாண்டியது.

சூப்பர்சார்ஜருக்கு முன்னாலேயே கார்புரேட்டர் இருக்கும் அமைப்பில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே கார்புரேட்டர் பூஸ்டையே பார்ப்பதில்லை.

ஜீப் இப்போது ஷீட் கட்டுகளோடு மேடு முழுவதும் ஒரே இழுவையில் ஏறுகிறது, முள் 11-ஐ விட்டு அசைவதில்லை. இன்னும் ஒரு வேலை பாக்கி. உள்ளே இருக்கும் மிதவை உள்ளீடற்ற பித்தளை. பூஸ்ட் அழுத்தத்தில் அது நசுங்கலாம், நசுங்கினால் மூழ்கும், மூழ்கினால் கிண்ணம் வழியும். நுரைப்பொருளில் செய்த திட மிதவைக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும் என்பதால், அதோடு சேர்த்து எல்லா ஹோஸையும் மாற்றப்போகிறோம்.