கீசருக்குள் இருக்கும் இரண்டு காவல்கள்

ஜனவரிக் காலையில் தில்லி மொட்டை மாடி டேங்கிலிருந்து இறங்கும் தண்ணீர் 15 டிகிரியோ அதற்கும் கீழாகவோ இருக்கும். ஆர்.கே.புரமோ மயூர் விஹாரோ, நம்மவர் வீடுகளில் கீசர் இல்லாமல் அந்த மாதங்களை ஓட்ட முடியாது. திடீரென்று ஒருநாள் வெந்நீர் நின்றுபோகும். மெக்கானிக் வருவார், கவரைக் கழற்றி இரண்டு ஒயர்களைச் சேர்த்து முறுக்குவார், "டைரக்ட் கர் தியா" (நேராக இணைத்துவிட்டேன்) என்று சொல்லிவிட்டுப் போவார். வெந்நீரும் வந்துவிடும். ஆனால் அவர் விலக்கிவைத்தது என்ன என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

கீசரில் சூட்டைக் கவனிக்கும் சுவிட்சுகள் இரண்டு. ஒன்று, வைத்த சூட்டில் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட்; மற்றொன்று, சூடு மீறினால் துண்டிக்கும் கட்-அவுட். முதலாவதன் அளவை நாம் திருகி மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவதன் அளவை மாற்றவே கூடாது.

தெர்மோஸ்டாட்டில் ஒரு வகை, தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைக் குழாய். உள்ளே இன்வார் என்ற உலோகக் கம்பி. குழாயின் நுனியில் இரண்டும் இணைந்திருக்கும். இன்வார் என்பது சுமார் 36 சதவீதம் நிக்கல் கலந்த இரும்பு. இதை 1896-ல் கண்டறிந்த சார்ல் எடுவார் கியோமுக்கு 1920-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. சூடானால் பித்தளை நீள்வதில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்குதான் இது நீளும். 30 சென்டிமீட்டர் குழாய் 45 டிகிரி சூடேறும்போது இரண்டுக்கும் இடையே கால் மில்லிமீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். கம்பி அந்தக் கால் மில்லிமீட்டர் உள்ளே இழுபட்டால் போதும், சுவிட்ச் திறந்து மின்சாரம் நின்றுவிடும். நாம் திருகும் குமிழ், சுவிட்ச் திறப்பதற்குக் கம்பி எவ்வளவு நகர வேண்டும் என்பதைத்தான் மாற்றுகிறது.

60 டிகிரியில் நின்ற மின்சாரம் 59-ல் திரும்ப வராது. சில டிகிரி ஆறிய பிறகே வரும். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். தண்ணீரைச் சூடாக்கும் 2000 வாட் எலிமெண்ட் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சுவிட்ச் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சிறு தீப்பொறி எழுந்து தொடுமுனைகளை அரிக்கும். ஒரு டிகிரிக்கெல்லாம் மூடித் திறந்துகொண்டிருந்தால் அவை நெடுநாள் தாங்காது.

சரி, எத்தனை டிகிரியில் வைப்பது? குளிக்க 40 டிகிரி போதும். 15 லிட்டர் கீசரை 60-ல் வைத்தால், 15 டிகிரி தண்ணீரோடு கலந்து 27 லிட்டர் குளியல் நீர் கிடைக்கும். 50-ல் வைத்தால் 21 லிட்டர்தான். ஆனால் 10 டிகிரி குளியலறையில், 50-ல் வைத்த கீசர் சும்மா இருக்கும்போது இழக்கும் வெப்பம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதற்காக ஒரேயடியாக இறக்கவும் வேண்டாம். வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். 60 டிகிரியில் அது பிழைக்காது. என்னைக் கேட்டால் 60 சரியான அளவு. அந்தச் சூட்டுத் தண்ணீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும் என்பதால், குழந்தை உள்ள வீட்டில் பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடிக்க வேண்டும்.

இனி கட்-அவுட். தீப்பொறியில் உருகி, தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது உண்டு. அப்போது எவ்வளவு சூடேறினாலும் மின்சாரம் நிற்காது. 60 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீரை 2000 வாட் எலிமெண்ட் இருபதே நிமிடத்தில் கொதிநிலைக்குக் கொண்டுபோய்விடும். அதற்கு முன்பே குறுக்கே வந்து மின்சாரத்தைத் துண்டிப்பதுதான் கட்-அவுட்டின் வேலை. அதனுள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த, லேசாகக் குவிந்த ஒரு சிறு தகடு இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு அளவில் விரிவதால், குறிப்பிட்ட சூட்டில் ஜாம் பாட்டில் மூடியின் நடுப்பகுதி போலத் 'டக்'கென்று மறுபக்கம் குவிந்துகொள்ளும். பெரும்பாலான கீசர்களில் தண்ணீர் ஆறினாலும் அது தானாக மின்சாரத்தைச் சேர்க்காது. அதிலுள்ள பட்டனை ஒருவர் அமுக்க வேண்டும். ஏன் துண்டித்தது என்று யாராவது பார்க்கட்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

தில்லியில் போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் பெரும்பாலும் இதற்குக் காரணம் உப்புப் படிவம். சூடாக ஆக கால்சியம் கார்பனேட் கரையாமல் பிரிந்து, எலிமெண்டின் மேலும் தெர்மோஸ்டாட் குழாயின் மேலும் படியும். சூடு போய்ச் சேரத் தாமதமாவதால் தெர்மோஸ்டாட் நேரத்தில் திறக்காது, கட்-அவுட் முந்திக்கொள்ளும். அப்புறம் கீசருக்குள் தண்ணீர் இல்லாதபோது அதைப் போட்டாலும் கட்-அவுட் துண்டிக்கும். எம்சிபியை (மெயின் பெட்டியில் உள்ள சுவிட்சை) அணைத்துவிட்டு ஒருமுறை பட்டனை அமுக்கிப் பார்க்கலாம். சில நாட்களில் மறுபடி துண்டித்தால் படிவத்தைச் சுரண்டவோ தெர்மோஸ்டாட்டை மாற்றவோ சொல்லுங்கள். இரண்டுமே அதிகச் செலவில்லாத வேலைகள்.

கட்-அவுட்டை விலக்கி டைரக்ட் செய்த கீசரில், தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கொண்டால் மிஞ்சியிருப்பது அழுத்த வால்வு மட்டும்தான். 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது கால் லிட்டர் அளவுக்குப் பெருகும். வந்த வழியே திரும்ப முடியாதபோது அது இந்த வால்வு வழியாகத்தான் சொட்டும். ஒழுகுகிறதே என்று அதையும் அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கீசர் உங்கள் வீட்டில் இருந்தால், வால்வின் அடைப்பை நீக்கிப் புதிய கட்-அவுட் பொருத்தும்வரை பிளக்கைப் பிடுங்கி வைத்திருங்கள்.