இருபத்தொரு நாள் முடிந்தது, சுகர் மட்டும் இறங்கவில்லை

போன வாரம் ஒரு மளிகைக் கடை அண்ணாச்சி வந்தார். உட்காரும் முன்பே போனை நீட்டினார். ‘21 நாள் நடைப்பயிற்சிச் சவால்’ முடித்ததற்கான சான்றிதழ், பெயர் தங்க எழுத்தில். தேதியைப் பார்த்தேன், நான்கு மாதம் பழசு. கையில் இருந்த ரிப்போர்ட்டில் எச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 9.4, ரொம்ப அதிகம்.

“அதான் பழக்கமாயிருச்சேன்னு விட்டுட்டேன் டாக்டர்.”

பழக்கமாகிவிட்டதால் விட்டுவிட்டாராம்! இந்த மாதத்தில் இப்படி வந்த ஐந்தாவது ஆள் இவர்.

இந்த 21 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரியும் புது முகம் பழக, குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்றார். பேச்சு முகத்தைப் பற்றி, நடையைப் பற்றி அல்ல. அதிலும் அந்தக் ‘குறைந்தது’ வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர, நடுவாக 66 நாள் என்று கணக்கு வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வித்தியாசம் (12 வாரத்தைத் தாண்டியது கணித மதிப்பீடு). தண்ணீர் குடிக்கும் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சி இழுத்தடித்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெடவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. நம் ஆட்களோ ஒரு நாள் விட்டால், “சரி, இனி தை பிறக்கட்டும்” என்று ஷூவைப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

எச்பிஏ1சி காட்டுவதே கடைசி இரண்டு மூன்று மாதச் சராசரியை. மூன்று வாரம் நடந்துவிட்டு அதை மிரட்ட முடியாது.

அப்புறம், “சுகரைக் குறைக்கணும் டாக்டர்” என்பது ஆசை, இலக்கு அல்ல. எப்போது, எதை முடித்த கையோடு, எதுவரை என்று சொல்லுங்கள். அண்ணாச்சியிடம் அரை மணி நேரம் பேசி ஒன்றுக்கு வந்தோம்: ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் பால் பூத் வரை போய்த் திரும்புவது. பன்னிரண்டு நிமிடம். “பத்தாயிரம் ஸ்டெப் வேண்டாமா?” என்று இழுத்தார். 1965-இல் ஜப்பானில் அடியெண்ணும் கருவி விற்க வைத்த பெயரில் வந்த எண் அது. இப்போதைக்குப் பால் பூத் போதும்.

நடக்கிறோமே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். போன மாதம் ஒருவர் அப்படி நிறுத்திவிட்டு அவசர சிகிச்சைக்குப் போனார். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் வேகநடை போகக் கூடாது, சுகர் திடீரென்று தாழ்ந்தால் வாயில் போட, சட்டைப்பையில் நாலு குளுக்கோஸ் மிட்டாய் இருக்கட்டும். பூங்காவில் கூழாங்கல் பதித்த ‘8’ வடிவப் பாதையில் வெறுங்காலோடு நடக்கும் பெரியவர்களே, கெஞ்சிக் கேட்கிறேன், செருப்புப் போடுங்கள். சுகரால் மரத்த காலுக்குக் கல் குத்தியது தெரியாது, புண் சீழ் வைத்த பிறகுதான் தெரியும். ராத்திரி படுக்கும் முன் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

அண்ணாச்சி நேற்று போன் செய்தார். “ஒரு நாள் விட்டுப்போச்சு டாக்டர், மழை.” இன்று போனீர்களா என்று கேட்டேன். செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாராம்.