விளக்கு வைத்த பிறகு உறைமோர் கேட்டால்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் விளக்கு வைத்த பிறகு உப்பு, ஊசி, உறைமோர் எதையும் இரவல் கொடுக்க மாட்டார்கள். கேட்கவும் மாட்டார்கள். அதனாலேயே பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அதை ஒரு அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். இருட்டிய பிறகு சின்னவள் தூக்குப்போசியோடு வந்து, "பெரியம்மா, அம்மா உறைமோர் வாங்கிட்டு வரச் சொல்லுச்சுங்க" என்று நின்றால், அவள் வீட்டில் அம்மாவுக்கு அடி ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம். அடிக்கிறவனுக்குச் சந்தேகமே வராது. ஆண்களில் எத்தனை பேருக்குச் சமையலறைச் சாஸ்திரம் தெரியும்?

(ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

போசி வந்தது ஒரு தீபாவளி ராத்திரி. தெரு முழுக்க வெடிச்சத்தம், யார் அலறினாலும் கேட்காது. அந்தப் பெரியம்மா சண்டைக்குப் போகவில்லை. ஒரு தட்டில் முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரரையும் மகனையும் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். "பலகாரம் கொண்டு வந்தோம்." உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள். முக்கால் மணி நேரம் மழையைப் பற்றியும் நெல் விலையைப் பற்றியும் பேசினார்களாம். அவன் பொறுத்துப் பார்த்துவிட்டு வெளியே கிளம்பினான். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் எங்கள் ஆலோசனை மையத்தில் இருந்தார்கள். போசியும் கூடவே வந்திருந்தது.

இந்த வேலையில் எனக்குப் பதினான்கு வருடம் ஆகிறது. பண்டிகைக்கு முந்தின வாரம் எங்கள் மையம் வெறிச்சோடிக் கிடக்கும். முடிந்த மறுவாரம் நாற்காலி பத்தாது. "பண்டிகை கழியட்டும்னு இருந்தேன் மேடம்" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். போனஸ் பணம் கள்ளுக்கடைக்குப் போயிருக்கும். தலைதீபாவளிச் சீர் குறைந்தது, மாப்பிள்ளை மோதிரம் எடை பத்தவில்லை என்று பேச்சு வளர்ந்திருக்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஓணமும் உண்டு, தீபாவளியும் உண்டு. ஆக, வருடத்துக்கு இரண்டு தடவை.

எல்லைக்கே உரிய ஒரு மிரட்டலும் இருக்கிறது. வாழ்க்கைப்பட்டது இந்தப் பக்கம், தாய்வீடு பொள்ளாச்சி. "செக்போஸ்ட் தாண்டிப் போனா உன் கேஸு எங்கயும் நிக்காது" என்பார்கள். சுத்தப் பொய். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 27ஆவது பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊரின் மாஜிஸ்திரேட்டிடமும் மனு கொடுக்கலாம். அங்கே வாங்கும் உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். போலீஸ் புகாரும் அப்படித்தான். சம்பவம் நடந்தது எங்கள் எல்லையில் இல்லை என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பக் கூடாது. வக்கீலுக்குப் பணமில்லையா? இலவசச் சட்ட உதவி பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே உண்டு. பிடித்து வைத்துக்கொண்ட சீர்நகையைத் திருப்பித் தரச் சொல்லியும் மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தப் பக்கம் காகிதம் மலையாளத்தில் இருக்கும். நம் பெண்கள் பலருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதே சட்டத்தின் 4ஆவது பிரிவுப்படி, வன்முறை நடக்கிறது என்று தெரிந்த யாரும், இதற்கென்று அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. ராத்திரியில் ஆபத்து என்றால் 112. பெண்களுக்கான உதவி எண் 181, எல்லைக்கு இரண்டு பக்கமும் அதுவே. கேரளத்தில், அரசின் பெண்கள் அமைப்பான குடும்பஸ்ரீ நடத்தும் 'ஸ்நேகிதா' உதவி மையங்களும் உண்டு. போனை எடுத்ததும் எந்த ஊரில் நிற்கிறோம் என்பதை முதலில் சொல்லுங்கள்.

இனி, எனக்கு எரிச்சல் வருகிற விஷயம். தீபாவளி வந்தால், வீட்டை விட்டு வந்த பெண்கள் தங்கும் காப்பகத்துக்குப் புடவையும் ஸ்வீட் பாக்ஸும் கொண்டு வருவார்கள். நல்ல மனசுதான். கூடவே போன் கேமராவும் வரும். ஒரு வருடம் வந்தவர்கள், பெண்களை ஒரே நிறப் புடவையில் வரிசையாக நிறுத்தி, "நன்றி சொல்லுங்கம்மா" என்று வீடியோ எடுத்தார்கள். நான் சமையலறையில் இருந்தேன், தடுக்கவில்லை. அது என் தப்பு. யாரோ அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட, பின்னால் தெரிந்த கடை போர்டை வைத்து மூன்றாம் நாள் ஒருத்தியின் கணவன் வாசலில் நின்றான். அவளை அன்றைக்கே வேறு ஊருக்கு மாற்றினோம். ஒரு மாதமாகத்தான் அவள் பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தது.

கொடுக்க நினைத்தால் என்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுங்கள். அவர்கள் கேட்பதெல்லாம் நைட்டி, போன் ரீசார்ஜ், கோர்ட்டுக்குப் போக பஸ் காசு, அளவு சரியாக இருக்கும் பிள்ளைத் துணி. தீபாவளி கழிந்து ஒரு மாதம் ஆன பிறகு வந்தால் இன்னும் நல்லது, அப்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒருத்தியை எண்ணெய்க் குளியலுக்கு விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பப் போனேன். "இன்னிக்காவது தூங்க விடுங்க மேடம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். விட்டுவிட்டேன். எண்ணெயும் சீயக்காயும் பத்து மணி வரைக்கும் காத்திருந்தன.

அந்தப் போசிக்காரப் பெண் இப்போது பொள்ளாச்சியில் வாடகை வீட்டில் இருக்கிறாள். ஜவுளிக்கடையில் வேலை. வழக்கு நடக்கிறது. பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மாவை எங்கள் மையத்துக்கே வரவழைத்து அந்தப் போசியைக் கொடுத்தாள். வெறும் போசியாகக் கொடுக்கக் கூடாதில்லையா, நிறையக் கச்சாயம் சுட்டு எடுத்து வந்திருந்தாள். பெரியம்மா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு, "வெல்லம் ஒரு பிடி ஜாஸ்தியாயிருச்சு கண்ணு" என்றபடி இன்னொன்றுக்குக் கையை விட்டார்.