வேலூர் வட்டார ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை: யாரிடம் கேட்பது, எது கூடும், எது கூடாது

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பி, உபரிநீர் வழியும் கலங்கல் போனதும் கரையில் தூண்டிலோடு ஆட்கள் உட்காரத் தொடங்கிவிடுவார்கள். கூடவே தகராறும் வந்துவிடும். "பொது ஏரியில மீன் பிடிக்கிறதைத் தடுக்க நீ யாரு?" என்று ஒருவர் கேட்பார். "பணம் கட்டி ஏரி எடுத்திருக்கேன்" என்பார் மற்றவர். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. ஏரியின் தண்ணீர், கரை, மதகு எல்லாம் அரசுக்கோ உள்ளாட்சிக்கோ உரியவை. ஆனால் மீன் பிடிக்கும் உரிமையை மட்டும் தனியே பிரித்து ஏலத்திலோ ஒப்பந்தப்புள்ளியிலோ விடலாம். அப்படி விட்ட ஏரியில், குத்தகைக் காலம் முடியும் வரை மீன் குத்தகைதாரருக்கே. ஊரில் மீன்பாசி குத்தகை என்று சொல்வது இதைத்தான்.

ஆகவே தூண்டிலை எடுக்கும் முன் அந்த ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அது தெரிந்துவிட்டால் மீதிக் கேள்விகளுக்குப் பதில் தானாக வரும்.

பாசனப் பரப்பை வைத்துத்தான் ஏரிகளைப் பிரித்திருக்கிறார்கள். 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத்துறையின் கீழ் வரும். 2021 வரை இவை பொதுப்பணித்துறையில் இருந்ததால் கிராமத்தில் இன்றும் பெரிய ஏரியை "பிடபிள்யூடி ஏரி" என்றே சொல்கிறார்கள். அதற்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. குளம், குட்டை, ஊருணி எல்லாம் பெரும்பாலும் கிராம ஊராட்சியிடம் இருக்கும். நகரத்துக்குள் இருக்கும் நீர்நிலையாக இருந்தால் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ விசாரிக்க வேண்டும்.

வேலூர் கோட்டை அகழி இந்தக் கணக்கில் எதிலும் சேராது. அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னத்தின் பகுதி. ஏரி விதியை அங்கே பேச முடியாது. ஜவ்வாது மலைக் காட்டுக்குள் இருக்கும் ஓடை, மடுவுக்கும் அப்படித்தான். காப்புக்காட்டுக்குள் விதியை மீறி மீன் பிடிப்பது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அங்கே வனத்துறையிடம் அனுமதி கேட்காமல் இறங்கக் கூடாது.

பழைய வடஆற்காடு மாவட்டம் 1989-ல் இரண்டானது. அதில் ஒரு பாதியான வேலூர், 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. காவேரிப்பாக்கம் ஏரியைப் பற்றிக் கேட்க வேலூர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனால் வேலை ஆகாது, ராணிப்பேட்டைக்குத்தான் போக வேண்டும். குடியாத்தம், காட்பாடி, அணைக்கட்டுப் பக்கத்து ஏரிகளுக்கு வேலூர். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் என்றால் திருப்பத்தூர்.

குத்தகை எப்படி விடப்படுகிறது?

ஒன்றியத்து ஏரிகளும் ஊராட்சிக் குளங்களும் பெரும்பாலும் ஏலத்தில் போகும். ஒன்றிய அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஊராட்சி அலுவலகத்திலும் அறிவிப்பு ஒட்டுவார்கள். பெரிய ஏரிகளுக்கும் அணைகளுக்கும் இப்போது இணையவழி ஒப்பந்தப்புள்ளி வந்துவிட்டது. மாநில அரசின் ஒப்பந்தப்புள்ளித் தளத்தில் அறிவிப்பு வரும், மாவட்ட ஆட்சியரும் செய்தி வெளியிடுவார். அதில் கலந்துகொள்ள முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும், மின்னணுக் கையொப்பச் சான்றும் வேண்டும். உண்மையான மீன்பிடிக் குடும்பங்கள் வெளியே நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். தலைமுறை தலைமுறையாக ஏரியில் வலை வீசிய செம்படவர் குடும்பத்தில் ஒருவருக்கும் மின்னணுக் கையொப்பம் இருக்காது. வெளியூர் வியாபாரி ஏரியை எடுப்பார், ஏரியை அறிந்தவர்கள் அவரிடம் கூலிக்கு வலை இழுப்பார்கள். இதை மாற்ற வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

குத்தகை ஆண்டை வழக்கமாகப் பசலிக் கணக்கில் சொல்வார்கள். ஜூலை 1-ல் தொடங்கி மறு ஆண்டு ஜூன் 30-ல் முடிவது ஒரு பசலி. பசலி 1434 என்று பத்திரத்தில் இருந்தால் அது 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. நம் பக்கத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தியும் வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் ஏரி நிரம்பும், சித்திரை, வைகாசியில் வற்றும், வற்றும்போதுதான் மீன் அறுவடை. ஒரே பசலிக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் குஞ்சு விட்டதிலிருந்து பிடிக்கிற வரை ஆறேழு மாதம்தான் கிடைக்கிறது. நல்ல தீனி இருந்தால் கட்லா கிலோ எடை வர ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அதனால் வற்றும் ஏரியை எடுப்பவர்கள் நுண்குஞ்சு வாங்காமல், வளர்ந்த விரலிக் குஞ்சாக வாங்கி விடுவதே லாபம். ஏலத் தொகையைக் கூட்டும் முன் அந்த ஏரியில் எத்தனை மாதம் தண்ணீர் நிற்கும் என்று ஆயக்கட்டு விவசாயி ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த அறிவிப்பிலும் அது இருக்காது.

பணம் கட்டியதால் ஏரியே தன்னுடையது என்று குத்தகைதாரர் நினைத்துவிடக் கூடாது. அவர் வாங்கியிருப்பது மீன் பிடிக்கும் உரிமை மட்டும். பாசனத்துக்குத்தான் முதலிடம். மீன் வளரட்டும் என்று தண்ணீரைத் திறக்கவிடாமல் தடுக்கவும் முடியாது, மீனைச் சீக்கிரம் அள்ளலாம் என்று மதகைத் திறந்து தண்ணீரை வெளியே விடவும் முடியாது. கரையை வெட்டவோ கலங்கலில் தடுப்புக் கட்டவோ அவருக்கு உரிமை இல்லை. மாடு தண்ணீர் குடிப்பதையும் பெண்கள் துணி துவைப்பதையும் அவர் தடுக்க முடியாது. கோழிக்கழிவு, இறைச்சிக்கழிவு கொண்டுவந்து தீனியாகக் கொட்டினால் ஊராட்சியிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் புகார் கொடுங்கள். அந்தத் தண்ணீர்தான் கீழே உள்ள கிணறுகளில் ஊறுகிறது.

தூண்டில் போடுகிறவர் இந்த நியாயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஓடும் ஆற்றுநீரில் முட்டையிடும் இனங்கள். தேங்கிய ஏரியில் அவை இனம் பெருக்குவதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் கட்டாக்கில் ஹிராலால் சௌத்ரி ஹார்மோன் ஊசி போட்டு இந்தக் கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகுதான் குஞ்சு பொரிப்பகங்கள் பெருகின. அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுகிறோம். உங்கள் ஏரியில் ஒரு கட்லா துள்ளுகிறது என்றால் யாரோ காசு கொடுத்து விட்ட குஞ்சு அது. கேட்காமல் பிடித்தால் அவருக்கு நட்டம். "அண்ணா, இந்த வருஷம் ஏரி யாரு எடுத்திருக்காங்க?" என்று டீக்கடையில் கேட்டாலே தெரிந்துவிடும். பொழுதுபோக்குக்கு ஒரு தூண்டில் போடுகிறேன் என்று முறையாகக் கேட்டால் ஒத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சிலர் சிறு தொகை கேட்பார்கள், சிலர் நாட்டு மீன் மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். மறுத்தால் திரும்பிவிட வேண்டும், அது அவர் உரிமை. தென்மாவட்டக் கண்மாய்களில் ஊரே இறங்கி மீன்பிடித் திருவிழா நடத்துவதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, குத்தகையில் இருக்கும் நம் ஏரியிலும் அப்படி இறங்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஏரியில் தானாக வளரும் மீன்கள்தான் இந்த மண்ணின் உண்மையான செல்வம். விரால், குறவை, கெளுத்தி, தேளி, ஆரால், உளுவை, அயிரை, சிறு கெண்டை வகைகள் எல்லாம் மழைத் தண்ணீர் ஏறும்போது தாமாகவே பெருகுபவை. விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன், சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். செடி அடர்ந்த கரையோரத்தில் கூடு போல இடம் ஒதுக்கி முட்டையிடும். குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் கொத்தாக மேலே வந்து காற்று வாங்கும், பெற்ற மீன் கீழே காவல் நிற்கும். அப்படி ஒரு குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்தால் அங்கே தூண்டிலை இறக்காதீர்கள். காவல் மீனை எடுத்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் சில மணி நேரத்தில் தின்றுவிடும். மண்புழுவுக்குக் கெளுத்தியும் கெண்டையும் வரும். விராலுக்கு உயிருள்ள சிறுமீனோ தவளையோ வேண்டும்.

ஜிலேபி மீன், அதாவது திலாப்பியா, 1952-ல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. இன்று அது இல்லாத ஏரியே இல்லை. ஏரியிலேயே பெருகி மற்ற மீன்களின் தீனியையும் இடத்தையும் பிடித்துக்கொள்வதால், எத்தனை பிடித்தாலும் ஏரிக்கு நன்மைதான். ஆப்பிரிக்கக் கெளுத்தி அப்படிச் சமாளிக்கக்கூடியது அல்ல. அதை வளர்க்கவும் விற்கவும் தடை இருக்கிறது. எதையும் தின்னும், வேகமாகப் பெருக்கும், நாட்டு மீன்களை அழித்துவிடும். சந்தையில் தேளி என்று சொல்லி அதை விற்கிறார்கள். அது உங்கள் தூண்டிலில் வந்தால் திரும்பத் தண்ணீரில் விடக் கூடாது. பண்ணைக் குட்டையில் யாராவது வளர்த்தால் மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் தெரிவியுங்கள். ஒரு வெள்ளத்தில் அந்தக் குட்டை உடைந்தால் போதும், கீழே உள்ள ஏரிச் சங்கிலி முழுவதும் பரவிவிடும்.

சங்கிலி என்பது நம் பக்கத்தில் வெறும் பேச்சல்ல. வாலாஜா அருகே பாலாற்று அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்கள் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, தூசி மாமண்டூர் ஏரிகளுக்கு ஆற்று நீரைக் கொண்டுபோகின்றன. அந்த நீரோடு ஆற்று மீனும் வரும். காவேரிப்பாக்கம் ஏரி தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று, ஏறக்குறைய 4,000 ஏக்கர் பரப்பு. பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தது என்று சொல்வார்கள். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை வழியாக எளிதில் போய்விடலாம். மீன் வாங்க நல்ல இடம். தூண்டிலுக்கு மட்டும் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். குடியாத்தம் பக்கம் கவுண்டன்யா ஆற்றின் குறுக்கே மோர்தானா அணை இருக்கிறது, கொள்ளளவு சுமார் 261 மில்லியன் கன அடி. ஆந்திர எல்லையை ஒட்டிய காட்டுப் பகுதி, யானை நடமாட்டம் உண்டு, அந்தி சாய்ந்த பிறகு அங்கே தங்கக் கூடாது. காட்பாடிப் பக்கம் ராஜாதோப்பு அணையும் கழிஞ்சூர் ஏரியும் இருக்கின்றன. பழைய வடஆற்காட்டில் இருந்து இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள சாத்தனூர் அணையில் மீன்பிடிப்பைத் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. அங்கே உரிமம் பெற்ற மீனவர்கள்தான் வலை விடலாம்.

எங்கே இறங்கினாலும் ஒரு எச்சரிக்கை. மண் எடுத்த பள்ளங்கள் ஏரிக்குள் தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும். முழங்கால் ஆழம் என்று நடந்தவர் அடுத்த அடியில் ஆளுயரப் பள்ளத்தில் விழுந்து இறந்த செய்திகள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருகின்றன. கரையில் உட்கார்ந்தே பிடியுங்கள், பிள்ளைகளை இறக்கிவிடாதீர்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த ஏரி என்று ஊரார் சொன்னால் அந்த மீனைச் சாப்பிட வேண்டாம். பாலாற்றுப் படுகையில் இந்தக் கழிவு செய்த நாசத்தை 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் எழுதியிருக்கிறது.

வெடி போட்டும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். குத்தகைதாரருக்கும் இதில் விலக்கு இல்லை. மின்கம்பியைத் தண்ணீரில் போட்டுப் பிடிப்பதும் சில இடங்களில் நடக்கிறது. மீனோடு ஆளும் சாகிற வேலை அது, கண்டால் உடனே காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். வலையில் பாலாமை சிக்கினால் உயிரோடு விட்டுவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. பிடிப்பதும் குற்றம், விற்பதும் குற்றம்.

இனி, ஏரியை ஊர்க்காரர்களே எடுக்கும் வழி. தனி ஆளாக ஏலத் தொகை கட்ட முடியாதவர்கள் உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் சேரலாம். சங்கத்தின் பெயரில் ஒரே ஒரு மின்னணுக் கையொப்பம் வாங்கி வைத்தால் எல்லா ஒப்பந்தப்புள்ளிக்கும் அதுவே போதும். பக்கத்தில் எந்தச் சங்கம் இயங்குகிறது, புதிதாகத் தொடங்க என்ன வேண்டும் என்பதை மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீன்வளர்ப்புப் பணிகளுக்குப் பொதுப் பிரிவினருக்குத் திட்ட மதிப்பில் 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் என்று வைத்திருக்கிறார்கள். அதே திட்டத்தில் குழு விபத்துக் காப்பீடும் உண்டு: இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம். உள்நாட்டு மீனவர்களும் இதில் சேரலாம். கடலோரத்தாருக்குத்தான் இதெல்லாம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், எனக்கு மிகவும் வருத்தமான விஷயம் இது. மீனவர் நல வாரியத்தில் பதிவதற்கும் அதே அலுவலகம்தான்.

உங்கள் ஊராட்சி ஏரியின் குத்தகைப் பணம் எவ்வளவு, எந்தக் கணக்கில் ஏறியது என்பதைக் கிராம சபையில் கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் சபை கூடும். அங்கே பதில் வரவில்லை என்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, குத்தகைப் பத்திரத்தின் நகலும் நிபந்தனைகளும் வேண்டும் என்று ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். நீர்வளத்துறை ஏரியாக இருந்தால் அந்தத் துறைக்கும் மீன்வளத்துறைக்கும் எழுத வேண்டும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஏரியின் பெயரோடு ஊர், வட்டம், சர்வே எண், பசலி ஆண்டு நான்கையும் மனுவில் எழுதிவிடுங்கள். பெரிய ஏரி, சித்தேரி என்று ஒரே பெயரில் பல ஊர்களில் ஏரி இருப்பதால், பெயரை மட்டும் எழுதினால் எந்த ஏரி என்று கேட்டு மனு திரும்பி வரலாம்.