சொல் விளக்கம்: லாண்ட்னாம்

பழங்காலச் சூழலை ஆராயும் தொல்லியல் கட்டுரைகளில் அடிக்கடி எதிர்ப்படும் சொல் இது. பழைய நோர்ஸ் மொழியில் 'லாண்ட்' நிலம், 'நாம்' எடுத்துக்கொள்ளுதல். 870களில் தொடங்கி ஐஸ்லாந்தில் ஆட்கள் குடியேறி நிலம் பிடித்ததற்கு இந்தப் பெயர்.

1941இல் டென்மார்க்கின் யோஹான்னஸ் இவர்சன் இந்தச் சொல்லைப் புதிய கற்கால உழவர்கள் காட்டை வெட்டி வயலாக்கியதற்கு நகர்த்தினார். சதுப்புப் படிவுகளில் சிக்கியிருந்த மகரந்தத்தை அடுக்கடுக்காக எண்ணியவர் அவர். ஓர் அடுக்கில் எல்ம், லிண்டன், ஓக் மரங்களின் மகரந்தம் குறைகிறது, கரித்துகள் தென்படுகிறது, புல்லும் தானியமும் தலைகாட்டுகின்றன. கூடவே பிளான்டாகோ என்ற களையும் (மருந்துக்கடை இசப்கோலுக்குப் பங்காளி!) வருகிறது. அடர்ந்த காட்டு நிழலில் அது பிழைக்காது. மேய்ச்சல் வெளிதான் அதற்கு வாழ்வு. மேலடுக்குகளுக்கு, அதாவது பிற்காலத்துக்குப் போனால் பிர்ச், ஹேசல் மரங்கள் திரும்பி வருகின்றன: உழவர்கள் இடம் மாறிவிட்டார்கள். 1950களில் டென்மார்க்கின் திராவெட் காட்டில் கற்கோடரியால் மரம் வெட்டி, எரித்து, விதைத்தே சோதித்தார்கள். எல்ம் சரிந்ததில் மரநோய்க்கும் பங்குண்டு என்று பிற்பாடு வாதம் எழுந்தது. பழி முழுவதையும் கோடரிமேல் போட முடியாது.

ஐஸ்லாந்தில் தடயம் இன்னும் துலக்கம். சுமார் 877இல் விழுந்த எரிமலைச் சாம்பல் அங்கே மண்ணில் ஒரு கோடாகவே கிடக்கிறது. அதற்கு மேலே போகப் போகப் பிர்ச் மகரந்தம் விழ, புல் ஏறுகிறது. விறகு, இரும்பு உருக்கக் கரி, ஆட்டு மேய்ச்சல் என்று காடு போனது. பிடிமானம் இழந்த மண்ணைக் காற்று அள்ளிப்போனது. நாட்டில் கால்பங்குக்குக் குறையாமல் இருந்ததாகக் கணிக்கப்படும் பிர்ச் காடு, 20ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 1 விழுக்காடு.

தமிழில் என்ன சொல்லலாம்? 'குடியேற்றம்' ஆட்களைச் சொல்லி மரத்தை விட்டுவிடுகிறது. 'நில ஆக்கிரமிப்பு' என்றால் தாலுகா ஆபீஸ் வாடை அடிக்கிறது. கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலையில் 'காடு கொன்று நாடாக்கி' என்று ஓர் அடி உண்டு. கொன்றதைப் புகழாகவே சொல்கிறார் புலவர். நிலம் மாறியதும் அதில் தெரிகிறது, அதற்குக் கொடுத்த விலையும் தெரிகிறது. ஆகவே ஐஸ்லாந்துக்கு 'நாடாக்கல்' கச்சிதம். டென்மார்க் கற்கால உழவருக்கு அது மிகை. வெட்டி எரித்து விதைத்துவிட்டுச் சில ஆண்டில் நகர்ந்தவர்களுக்குக் குறிஞ்சி நிலத்துப் 'புனம்' இருக்கிறது, 'புனமாக்கல்' எனலாம்.