சோகையை எரித்துவிட்டு மண்புழுவைத் தேடுகிறோம்

"சார், போன வருஷம் காசு குடுத்து மண்புழு வாங்கி விட்டேனுங்க. இப்ப ஒண்ணையும் காணோம்" என்றார் ஈரோடு பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர். கரும்பு வெட்டு முடிந்து, சோகையை, அதாவது காய்ந்த கரும்பு இலையை, எரித்த கரி தரையெல்லாம் கிடந்தது. ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அடி ஆழத்தில் குழி வெட்டிப் பார்த்தோம். ஒரு புழு இல்லை. அப்புறம் பக்கத்திலேயே அவருடைய வாழைக்குள் போனோம். அறுத்த மட்டையும் இலையும் மரத்தடியிலேயே மக்கிக் கிடந்தன. அதே அளவு குழியில் பதினொரு புழுக்கள். ஒரு மட்டையைப் புரட்டினால், அடியில் கேழ்வரகைக் கொட்டியது போல உருண்டை உருண்டையாகப் புழு எச்சம். விரலில் நசுக்கினால் ஈரமாக உதிர்ந்தது.

அவர் வாங்கியது உரக்குழிக்கான ஆப்பிரிக்கப் புழு. சாணமும் மக்கும் குப்பையும் இருந்தால்தான் அது பிழைக்கும். வயலில் உழைப்பது மண்ணுக்குள் துளை போட்டு வாழும் நம் நாட்டுப் புழு. அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தீனி போட்டால் தானாக வரும்.

மண்புழு தழைச்சத்தை (நைட்ரஜனை) உண்டாக்குவதில்லை. இதைப் பலரும் தவறாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள். இலை, வேர், சாணம் இவற்றுக்குள் பூட்டிக் கிடக்கும் தழைச்சத்தைத் தின்று, குடலில் நுண்ணுயிர்களோடு அரைத்து, அம்மோனியமாக வெளியே விடுகிறது. அது மண்ணில் நைட்ரேட்டாக மாறும். இரண்டையும் வேர் எடுத்துக்கொள்ளும். புழு செத்தாலும் அதன் உடம்பில் உள்ள புரதம் சில நாளில் மண்ணுக்குச் சத்தாகிவிடும். பூட்டைத் திறக்கிற வேலைதான் அதனுடையது. பெட்டியையே எரித்துவிட்டால் அது எதைத் திறக்கும்?

உலகம் முழுக்க நடந்த சோதனைகளைத் தொகுத்து 2014இல் வந்த ஆய்வு, மண்புழு இருந்தால் மகசூல் சராசரியாக 25 சதவீதம் கூடுவதாகச் சொன்னது. காரணம் பெரும்பாலும் தழைச்சத்துதான். பயிர்க்கழிவை மண்ணுக்குத் திருப்பிய இடத்தில் பலன் கூடியது. தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்ட இடத்தில் மறைந்தது. தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே காற்றிலிருந்து பிடிக்கும் பயறு வகைகளில் பலன் தெரியவில்லை. இவற்றில் பல தொட்டிகளில் நடந்த சோதனைகள், அதனால் வயலில் அப்படியே 25 என்று எதிர்பார்க்கக் கூடாது.

மண்புழு உரம் போட்டால் யூரியாவே வேண்டாம் என்பவர்களும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை சதவீதம் தழைச்சத்து என்றால் ஒரு டன்னில் 15 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 20 கிலோ. அதனால் யூரியாவை ஒரே போகத்தில் நிறுத்தாதீர்கள்; மண் தேறத் தேறக் குறையுங்கள்.

சோகையை வரிசை விட்டு வரிசை பரப்பி, சாணிக் கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் பாருங்கள். முதல் சில வாரம் கரும்பு வெளுக்கலாம். சோகையை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால் வருவது அது. அந்த நேரத்து உரத்தைத் தவறாமல் கொடுங்கள். கார்போஃபியூரான் என்ற பூச்சிக்கொல்லிக் குருணை மட்டும் வேண்டாம், மண்புழுவுக்கு அது கடும் விஷம்.

அந்த விவசாயி அடுத்த வெட்டில் பத்து வரிசையை மட்டும் எரிக்காமல் விடுவதாகச் சொன்னார். சரி, பத்தே போதும். ஐப்பசி மழைக்குப் பிறகு அதே மண்வெட்டியோடு போய் எண்ணிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.