பிளேட்டா, கம்பியா?

மும்பையில் மழை பிடித்துவிட்டால் தாதர் ஸ்டேஷன் படிக்கட்டில் வழுக்காமல் இறங்குவதே ஒரு வித்தை. பாதம் ஊன்றியபடி நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டால் கணுக்காலின் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு, ஃபிபுலா, முறியும். தாராவியிலோ செம்பூரிலோ அப்படிக் கால் உடைந்தவரைப் பார்க்கப் போனால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: "பிளேட்டா, கம்பியா? எது ஸ்ட்ராங்காம்?" பிளேட் என்பது எலும்பின்மேல் ஸ்க்ரூ போட்டு முடுக்கும் உலோகத் தகடு; கம்பி எலும்புக்குள்ளேயே நீளவாக்கில் செருகுவது.

இதற்குப் பதில் தேட ஆய்வுக்கூடத்தில் எலும்பை வேண்டுமென்றே உடைக்கிறார்கள். பெரும்பாலும் தானமாக வந்த உடல்களின் கால்கள். முப்பது வயது எலும்பில் ஒரு முறையையும் எழுபது வயது எலும்பில் இன்னொன்றையும் சோதித்தால், ஜெயித்தது பிளேட்டா வயதா என்று சொல்ல முடியாது. அதனால் ஒரே உடலின் இரு கால்களையும் ஒரே மாதிரி அறுத்து, ஒன்றுக்கு ஒரு முறை, மற்றதற்கு இன்னொரு முறை. எளிமையான, கெட்டிக்கார ஏற்பாடு.

அப்புறம் எந்திரம். மேலிருந்து எடையை அழுத்திக்கொண்டே பாதத்தை வெளிப்பக்கமாகத் திருகும். இவ்வகை முறிவுகள் பெரும்பாலும் திருகலில்தானே நேர்கின்றன. ஒரு டிகிரி திரும்ப எவ்வளவு விசை வேண்டும் என்பது விறைப்பு. எந்த விசையில் பிய்கிறது என்பது வலிமை. ஆனால் ஆபரேஷன் ஆனவர் யாரும் அவ்வளவு முரட்டு விசையைக் காலுக்குக் கொடுப்பதில்லை. சின்னச் சின்ன விசை, ஆயிரக்கணக்கான தடவை. அப்போது ஸ்க்ரூ மெல்ல மெல்லத் தளர்கிறதா என்று பார்ப்பதுதான் என் கணக்கில் நிஜமான பரீட்சை.

தளர்ச்சியை மில்லிமீட்டரில் அளப்பதற்குக் காரணம் உண்டு. கணுக்கால் மூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் தாலஸ் எலும்பு வெளிப்பக்கம் 1 மி.மீ. நகர்ந்தாலே, மூட்டில் எலும்புகள் தொடும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைவதை 1976இல் ராம்சேயும் ஹாமில்டனும் காட்டினார்கள். அதே எடை, குறைந்த இடம். குருத்தெலும்பு தேயாமல் என்ன செய்யும்?

வயதானவர்களின் பொலபொலத்த எலும்பில் சாதாரண பிளேட்டின் ஸ்க்ரூ பிடிமானம் இழந்துவிடும். லாக்கிங் பிளேட்டில் ஸ்க்ரூவின் தலைக்கும் மரை உண்டு. அது பிளேட்டிலேயே பூட்டிக்கொள்வதால் எலும்பின் பிடியை மட்டும் நம்பி நிற்பதில்லை.

சரி, எந்திரத்துக்குத் தெரியாதது நிறைய. உயிரில்லாத எலும்பு ஒட்டிச் சேராது, தசை இழுக்காது. அது காட்டுவது ஆபரேஷன் நடந்த அன்றைய நிலையை மட்டும். எலும்பு கூடும்வரை, ஏறக்குறைய 6 முதல் 12 வாரம், தாங்கினால் போதும். அதற்குமேல் வலு வேண்டும் என்று தடிமனான பிளேட்டை வைத்தால், சதையே இல்லாத அந்த இடத்தில் தோலுக்கடியில் துருத்தி, செருப்பு வார் உரசும். அந்தத் தொல்லைக்காகவே பிளேட்டை எடுக்க மறுபடி ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.